கீரப்பாளையத்து வேகத்தடை

கத்திரி வெயிலில் நாதஸ்வரக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு அடுத்த முகூர்த்தம் எந்த ஊரில் என்று தொடங்கும். அப்புறம் மண்டபத்தில் ஏசி உண்டா என்று போகும். அதற்கப்புறம் சாப்பாடு. என் தம்பி இருந்தால் மட்டும் எல்லாப் பேச்சும் மலேசியாவில் போய் நிற்கும். அங்கே கோயில்களில் வாசிக்க மூன்று தடவை போனவன், முப்பது தடவை போனவன் மாதிரி பேசுவான். என் வீட்டுக்காரர் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

செட்டில் அவர் பெரிய நாதஸ்வரம், தம்பி இரண்டாவது. நான் தாளம். தாளம் போட்டவர் பெயிண்ட் வேலைக்குப் போன அன்றைக்கு ஒரு நாளைக்கென்று வேனில் ஏறினேன். இன்னும் இறங்கவில்லை.

இந்த வைகாசியில் சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். அதற்கு மலேசியாவிலிருந்து ஒரு கோயில்காரர் வருகிறார், மாப்பிள்ளை அழைப்பில் எங்கள் வாசிப்பைக் கேட்பார், பிடித்தால் ஆனியில் கும்பாபிஷேகத்துக்கும் அதற்குப் பின் நாற்பத்தெட்டு நாள் மண்டல பூஜைக்கும் கூப்பிடுவார் என்று தம்பி சொல்லியிருந்தான். இவர் "பாப்பம்" என்றார். அவ்வளவுதான். ஆனால் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு சாமி படத்துக்குப் பின்னால் தூசி தட்டும்போது புது பாஸ்போர்ட் ஒன்று கிடைத்தது. போட்டோவில் இவர். வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

வாயை மூடியதற்குக் காரணம் எனக்குத் தெரியும். மேல் வரிசையில் முன்பல் ஒன்று மாசியிலிருந்து ஆடிக்கொண்டிருந்தது. மஞ்சக்குப்பத்து பல் டாக்டர் எடுத்துவிடலாம் என்றார். இவர் வைகாசி முடியட்டும் என்று வந்துவிட்டார். நாதஸ்வரத்தில் ஊதுகிற நுனியில் சீவாளி என்று நாணலில் செய்த ஒரு சின்னத் துண்டு இருக்கும். அதை உதட்டில் அழுத்திப் பிடிக்க வேண்டும். உதட்டுக்குப் பின்னால் பல் இல்லாவிட்டால் காற்று ஒழுகும். மேல் ஸ்தாயி வராது.

"உன் தம்பிகிட்ட மூச்சு வுடாத. தெரிஞ்சா மலேசியாக்காரருகிட்ட வேற ஆளச் சொல்லிடுவான்" என்றார்.

"நான் ஏன் சொல்லப் போறேன். பல்லே ஒரு நாளு சொல்லும்" என்றேன்.

அன்றைக்குக் காலையில் காடாம்புலியூரில் முகூர்த்தம், சாயங்காலம் சிதம்பரம். தாலி கட்டி முடிந்ததும் மண்டபத்துக்குப் பின்னால் மர நிழலில் உட்கார்ந்தோம். பெண் வீட்டார் ஒரு பலாப்பழத்தை அறுத்துத் தாம்பாளத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். மற்ற வருஷம் என்றால் இவர் ஒருவரே பாதிப் பழம் தின்பார். அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

தம்பி வாயில் சுளையோடு கேட்டான். "என்னா மாமா, சுகரா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"விரதம்டா" என்றேன்.

"என்னா விரதம்க்கா?"

"பலா விரதம். முந்திரிக்கொட்டையும் சேத்தி. கடிக்கிறதெல்லாம் வைகாசி முடியறவரைக்கும் கிடையாது."

இவர் என்னைப் பார்த்த பார்வைக்கு வேறு யாராவது பயந்திருப்பார்கள். தம்பி சிரித்துக்கொண்டே நாலு சுளையை ஒரு இலையில் எடுத்து வைத்தான். "சிதம்பரத்துல விரதம் முடிச்சுக்குங்க மாமா."

வேன் ஓட்டுகிற பாய் முன்பு சவுதியில் வண்டி ஓட்டியவர். ஏசியைக் கூட்டி வைத்தார். ஏசியில் சீவாளி காய்ந்துவிடும், காய்ந்தால் பேசாது. அதனால் இவர் நல்ல சீவாளி ஒன்றை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தவில்காரர்கள் இரண்டு பேரும் பின் சீட்டில் தூங்கிவிட்டார்கள்.

"பிளைட்ல இத விட ஏசி ஜாஸ்தி" என்று தம்பி ஆரம்பித்தான். "கம்பளி குடுப்பான். தண்ணி கேட்டா ஒரு சின்ன டம்ளர்ல குடுப்பான். அதுல சீவாளிய நனைக்கிறதா, குடிக்கிறதா?"

"நாங்க போறப்ப ஒருத்தன் ஊறுகா பாட்டில எடுத்தாந்து, அது ஒடைஞ்சி, சவுதி வரைக்கும் மாங்கா வாசன" என்றார் பாய்.

"மாமா, கேக்குறீங்களா? ஊறுகா எடுத்துட்டு வந்துராதீங்க."

மாமா கேட்கவில்லை. வடலூர் தாண்டியதுமே தூங்கிவிட்டார். சீவாளி வாயிலேயே இருந்தது. அதை உதட்டில்தான் வைக்க வேண்டும், பல்லில் கடிக்கக் கூடாது. தூங்குகிறவருக்கு அதை யார் சொல்வது? சேத்தியாத்தோப்பில் எழுப்பலாமா என்று பார்த்தேன். காலையிலிருந்து ஊதிய களைப்பு, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கீரப்பாளையத்தில் வேகத்தடை. பாய் கடைசி நிமிஷத்தில்தான் பார்த்தார். வண்டி தூக்கிப் போட்டது. இவர் "ம்" என்று எழுந்து, உள்ளங்கையில் துப்பினார். சீவாளியும் பல்லும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. சீவாளியைத்தான் முதலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுக்கு ஒண்ணும் ஆவல" என்றார்.

தம்பி பல்லைப் பார்த்தான். "எத்தினி நாளா ஆடுது?"

"மாசியிலேருந்து."

"அக்கா, உனக்குத் தெரியுமா?"

"எனக்கு என்னாடா தெரியும். நான் தாளம் போடறவ."

சிதம்பரம் போய்ச் சேரும்வரை தம்பி மலேசியாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மண்டப வாசலில் இறங்கும்போது, "மேல் ஸ்தாயிய நான் எடுத்துக்குறேன். நீங்க கீழயே நில்லுங்க" என்றான். இவர் வாயைக் கொப்பளித்துவிட்டுத் தலையாட்டினார்.

மாப்பிள்ளை அழைப்பில் அப்படியே வாசித்தார்கள். இவருக்குக் காற்று ஒழுகுகிற இடத்தில் எல்லாம் தம்பி மேலே ஏறி மூடினான். ஒரு இடத்தில் இவர் ஊதவே இல்லை. கன்னம் உப்பியிருந்தது, விரல் ஓடியது, சத்தம் தம்பியுடையது. நான் தாளத்தைக் கொஞ்சம் பலமாகப் போட்டேன்.

மலேசியாக்காரர் வந்து கையைக் குலுக்கினார். "பெரியவரு ஆர்ப்பாட்டமே இல்லாம வாசிக்கிறாரு. எங்களுக்கு இதுதான் வேணும்."

தம்பி என் பக்கம் திரும்பவில்லை. இவர் சட்டைப் பையிலிருந்து பல்லை எடுத்து அவரிடம் காட்டினார். "இது இன்னிக்கு வழியில வுழுந்துடுச்சி. பாதிய மச்சான்தான் வாசிச்சான். நீங்க தெரிஞ்சிக்கணும்."

அந்த மனிதர் பல்லைப் பார்த்தார், இவர் வாயைப் பார்த்தார். "ஆனிக்கு இன்னும் நாளு இருக்குது. சரி பண்ணிட்டு, தனியா வாசிச்சு அனுப்புங்க. கேட்டுட்டு சொல்றேன்" என்றார்.

மஞ்சக்குப்பத்தில் கழற்றி மாட்டுகிற பல் ஒன்று கட்டினோம். மாட்டிக்கொண்டு ஊதினால் சீவாளி அதில் இடித்து விசில் மாதிரி கேட்டது. கழற்றிவிட்டு ஊதினால் வெறும் காற்று. இவர் தினமும் விடியற்காலையில் பல் இல்லாமலே ஊதினார். பக்கத்து வீட்டு ஆள் குக்கர் ரிப்பேரா என்று கேட்டார். பத்து பன்னிரண்டு நாளில் உதடு வேறு ஒரு இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. மேலே போயிற்று. இவர் தனியாக வாசித்ததைப் போனில் நான்தான் பிடித்தேன், தம்பி அனுப்பினான். மூன்றாம் நாள் இவர், தம்பி இரண்டு பேர் பாஸ்போர்ட்டையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். தவிலுக்கும் தாளத்துக்கும் அங்கேயே ஆள் இருக்கிறதாம்.

பேசப் பல் வேண்டும், வாசிக்க வேண்டாம். அதனால் அது வாயிலும் சட்டைப் பையிலுமாக மாறி மாறி இருக்கிறது.

கிளம்பிய அன்று சென்னை ஏர்போர்ட்டிலிருந்து தம்பி போன் பண்ணினான். பையில் இருப்பதையெல்லாம் தட்டில் வைக்கச் சொன்னார்களாம். இவர் பல்லைக் கைக்குட்டையில் சுற்றித் தட்டில் வைத்தாராம். சோதனை போடுகிற பெண் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்ன சார் இது, வாயில போட்டுக்குங்க" என்றிருக்கிறாள்.

"போட்டுக்கிட்டாரா?" என்று கேட்டேன்.

"எங்கக்கா. வாயிலதான் சீவாளி இருக்குதே."