மேற்கு கேலரியில் பதினெட்டு இடம்

காமயகவுண்டன்பட்டி ஜக்கம்மாவுக்குக் கால்பந்துப் பைத்தியம் பிடித்தது முப்பத்தொன்பதாவது வயதில். மகள் கயல் அப்போது பள்ளி அணியில் ஆடிக்கொண்டிருந்தாள். வெளியூர் ஆட்டத்துக்குப் பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் துணைக்குப் போன தாய், முதல் இரண்டு ஆட்டங்களில் பிள்ளைக்கு எங்கேயாவது அடிபட்டுவிடுமோ என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது ஆட்டத்தில் பந்தைப் பார்த்தாள். பிறகு அவள் கண் பந்தை விட்டு அகலவில்லை. கயல் பிளஸ் டூ முடித்து, நர்சிங் படிக்கக் கோயம்புத்தூர் போனதும் ஆட்டத்தைத் தலைமுழுகிவிட்டாள். ஆத்தாள் விடவில்லை.

ஆண்டுதோறும் மே மாதம் கம்பம் ஊருக்குப் பக்கத்தில் இருபது நாள் செவன்ஸ் போட்டி நடக்கும். அணிக்கு ஏழு பேர்; பாதிக்கு முப்பது நிமிடம். மலைக்கு அந்தப் பக்கமிருந்து கேரள அணிகள் வேன் பிடித்து இறங்கும். மைதானத்தின் கிழக்கிலும் மேற்கிலும் கம்பு நட்டுப் பலகை போட்டுக் கேலரி கட்டுவார்கள். ஜக்கம்மா திராட்சைத் தோட்டத்துக் கூலி. காலை ஆறு மணிக்குப் பந்தலுக்குள் நுழைந்து கவாத்து வெட்டியோ குலை அறுத்தோ இரண்டு மணிக்கு வெளியே வருவாள். நாலரை மணி ஆட்டத்துக்கு நாலு மணிக்கே மைதானத்தில் இருப்பாள். முதல் ஆண்டு ஒற்றையாளாக வந்தவள், மறு ஆண்டு கூட வேலை பார்க்கிற நாலு பெண்களைக் கூட்டி வந்தாள். ஒன்பது ஆண்டில் அது பதினெட்டுப் பேராயிற்று. அத்தனை பேரிடமும் சீசன் டிக்கெட். மேற்கு கேலரியில் கீழ் இரண்டு வரிசை அவர்கள் இடம். யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. ஆனால் வேறு யாரும் அங்கே உட்கார்ந்ததும் இல்லை.

இந்த ஆண்டு போட்டிக்குப் பத்து நாள் முன்னால் கமிட்டியின் அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வந்தது. முன்னூறு ரூபாய் சீசன் டிக்கெட் இனி எண்ணூறு. மேற்கு கேலரியை எடுத்துவிட்டு ஸ்பான்சர்களுக்கு நாற்காலி போடப்படும். அங்கே இருந்த பழைய ஆட்கள் கிழக்கு கேலரிக்கு மாற வேண்டும்.

கிழக்கு கேலரி என்றால் சாயங்கால வெயில் நேரே முகத்தில் அறையும். பொழுது மலைக்குப் பின்னால் இறங்கும்வரை பந்து எது, ஆள் எது என்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். கமிட்டிச் செயலாளர் சுயம்புலிங்கம் ஹார்டுவேர் கடைக்காரர். பதினைந்து வருடமாகப் போட்டியைக் கட்டி இழுத்து வருகிறவர். "கேரளா டீமெல்லாம் போன வருசத்து ரேட்டுக்கு வர மாட்டேங்கிறாக. கேலரிக் கூலி ஏறிருச்சு. நான் எங்கன போயி எடுக்க?" என்றார்.

லோடு ஆட்டோ ஓட்டும் அம்மாவாசி எழுந்தான். மேற்கு கேலரியின் மேல் வரிசைகளில் இருக்கும் ஆண்கள் கூட்டத்துக்கு அவன்தான் தலைவன். கொட்டு அவன் கையில்தான் இருக்கும். அவர்களையும் சேர்த்துத்தான் மாறச் சொல்லியிருந்தார்கள்.

"ஒருத்தனும் டிக்கெட் வாங்கக் கூடாது. காலிப் பலகையப் பாத்து ஆடட்டும்!"

கைதட்டல் அடங்கியதும் ஜக்கம்மா எழுந்தாள். அத்தனை பேர் முன்னால் அவள் பேசியதில்லை. சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"அண்ணாச்சி, ரேட்டு ஏறுறது உங்க கஷ்டம். ஒத்துக்கிறேன். ஆனா எண்ணூறுங்கிறது எங்களுக்கு ரெண்டு நாள் கூலி. ஒரே மூச்சுல எடுத்து வைக்க முடியல. சரி, அதக்கூட விடுங்க. எடத்த எதுக்கு மாத்துறீக? ஞானபாக்கியம் அக்கா முட்டி ஆபரேசன் பண்ணுனவுக. கெழக்க ஓடைக்கு மேல கேலரி கட்டுறதால அடி வரிசையே இடுப்பு ஒசரம் இருக்கு. எப்படி ஏறுவாக?"

"ஸ்பான்சருக்கு வாக்குக் கொடுத்தாச்சு, தாயி" என்றார் சுயம்புலிங்கம்.

மறுநாள் ஜக்கம்மா எண்ணூறு கொடுத்து டிக்கெட் வாங்கினாள். தன் ஆட்களையும் வாங்கச் சொன்னாள். "உள்ள இருந்துக்கிட்டுக் கேட்டாத்தான் காதுல விழும். டீமுக்காரன் என்ன பாவம் பண்ணான், காலிப் பலகையப் பாத்து ஆட?" என்றாள். சேதி கேட்ட அம்மாவாசி டீக்கடையில் வைத்தே, "விலை போயிருச்சு அந்தம்மா" என்றான். அது அவள் காதுக்கு வந்தது. அன்று தோட்டத்தில் குலை அறுக்கும்போது கத்திரி தவறி விரல் நுனியில் பட்டது.

முதல் நாள் ஆட்டத்துக்கு ஞானபாக்கியத்தை இரண்டு பேர் கைத்தாங்கலாகத் தூக்கி ஏற்றினார்கள். பதினெட்டுப் பேரும் துண்டை நெற்றிக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, கூச்சல் வந்த பக்கம் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். எதிரே, மேற்கில், வெள்ளைத் துணி போர்த்திய நாற்பது நாற்காலிகள் கயிறு கட்டிய வளைவுக்குள் வரிசையாக இருந்தன. நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் நாள் மூன்று பேர். மூன்றாம் நாள் ஒரு நாற்காலியில் யாரோ பையை வைத்துவிட்டு எங்கேயோ போயிருந்தார்கள்.

டிக்கெட் வாங்கக் கூடாது என்ற அம்மாவாசி அந்த மூன்றாம் நாளே வந்துவிட்டான், எண்ணூறும் கட்டியிருந்தான். அவனோடு ஐம்பது பேர். அன்று விழுந்த ஒற்றைக் கோலையும் வெயிலில் பார்க்கத் தவறவிட்ட ஆத்திரத்தில் அவன் கொட்டைக் கீழே வைத்தான்.

"வாங்கடா, கயித்தத் தாண்டி உக்காருவோம். எவன் கேக்குறான்னு பாப்போம்!"

ஜக்கம்மா குறுக்கே போய் நின்றாள். "ஏலே, நில்லு. இன்னைக்கு அடிச்சுப் பிடிச்சு உக்காந்தா நாளைக்குப் போலீசு வந்து நிக்கும். போட்டியே நின்டு போகும். அந்தச் சீட்டு யாருதுன்னு கேட்டியா மொதல்ல?"

யாருடையது என்று நாற்காலிகளுக்குப் பின்னால் இருந்த பேனரில் எழுதியிருந்தது. சின்னமனூரில் டிராக்டர் ஷோரூம் வைத்திருக்கும் விஜயபாண்டி.

அடுத்த நாள் மதியம், தோட்டத்துச் சேலையோடு, திராட்சைக் கறை போகாத கையோடு, ஜக்கம்மா டவுன் பஸ் ஏறிச் சின்னமனூருக்குப் போனாள். கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே இருந்த பெண் வந்து திறந்துவிட்டாள்.

விஜயபாண்டிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். "டிராக்டர் பாக்க வந்தீகளாம்மா?" என்றான்.

"இல்ல முதலாளி. உங்க நாற்காலியெல்லாம் பந்து மைதானத்துல சும்மா கெடக்கு. நாங்க எதிர்த்தாப்புல வெயில் காயுறோம். நீங்க சரின்னா நாங்க உக்காந்துக்கிறோம்."

அவன் முதலில் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "நான் பேனர்தாம்மா கேட்டேன். நாற்காலிய அவுகளாத்தான் போட்டாக. எனக்குப் பந்து விளையாட்டே தெரியாது. இருங்க, இப்பவே போன் பண்றேன்."

"போன் வேணாம் முதலாளி. போன்ல சொன்னா நான் வந்து உங்களக் கெஞ்சுனதா ஆகிரும், இல்ல மிரட்டுனதா ஆகிரும். ஒரு தாள்ல எழுதிக் குடுங்க."

ஷோரூம் பெயர் அச்சிட்ட தாளில் எழுதிக் கொடுத்தான். ஐந்து நாற்காலி தனக்கு; மற்றது பழைய சீசன் டிக்கெட்காரர்களுக்கு.

சுயம்புலிங்கம் அந்தத் தாளைக் கடையில் நின்றபடியே இரண்டு தடவை படித்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல, தாயி?"

"சொன்னோம் அண்ணாச்சி. மண்டபத்துல, அம்புட்டுப் பேரு முன்னாடி."

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நாளையிலருந்து உக்காருங்க" என்றார்.

முப்பத்தைந்து நாற்காலி. பெண்கள் பதினெட்டு, அம்மாவாசி ஆட்கள் ஐம்பது. தங்களுக்குத்தான் என்று பெண்கள் நினைத்திருந்தார்கள். ஜக்கம்மா வேறு விதமாகச் சொன்னாள். "ஆட்டக்காரனே பாதியில பக்கம் மாத்துறான். நாமளும் மாத்துவோம்."

அம்மாவாசி தலையைச் சொறிந்தான். "யக்கா, ரெண்டாவது பாதியில பொழுது மலைக்கு அங்கிட்டுப் போயிரும். வெயில் பூராம் மொதப் பாதியிலதான்."

ஜக்கம்மா யோசித்தாள். "ஆமால்ல. அப்ப நாள் விட்டு நாள் வச்சுக்குவோம். நாங்க மேற்க இருக்குற அன்னைக்கு மிச்ச நாற்காலியில உங்க ஆளுக உக்காரட்டும். கால் முடியாதவுகளுக்கு மட்டும் தெனமும் மேற்கதான்."

"பஸ் ஏறிப் போயி வாங்கிட்டு வந்தது நீ. இவனுகளுக்கு எதுக்குக் குடுக்கணும்?" என்று கூட்டத்திலேயே சின்னவளான திரிஷா முறுக்கிக்கொண்டாள்.

"அவனுகளும் வெயில்லதான உக்காந்திருந்தானுக" என்றாள் ஜக்கம்மா.

டீக்கடையில் பேசியதற்கு அம்மாவாசி மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் லோடு ஆட்டோவில் பலகையும் ஆணியும் கொண்டுவந்து, கிழக்கு கேலரிக்கு மூன்று படி அடித்து வைத்தான். அன்றைக்குக் கிழக்கே பெண்கள் முறை. ஜக்கம்மா அந்தப் படியில் ஏறும்போது, "ஆடுதா?" என்று கேட்டான். "ஆடல" என்றாள்.

டிக்கெட் விலை எண்ணூறு எண்ணூறாகவே நின்றது. அதில் சுயம்புலிங்கம் இறங்கி வரவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து இரண்டு தவணையாகக் கட்டலாம் என்று மட்டும் கமிட்டியில் முடிவாயிற்று. அதைச் சொல்ல அவரே தோட்டத்துக்கு ஆள் அனுப்பினார்.

இறுதி ஆட்டத்தன்று மறுபடி பெண்களுக்குக் கிழக்கு. அறுபது நிமிடமும் முடிந்து அணிக்கொரு கோலாக நின்றது. பெனால்டி ஆரம்பிக்கும் நேரத்தில் சுயம்புலிங்கம் வெள்ளை வேட்டியோடு மைதானத்தைச் சுற்றி நடந்து வந்து, பலகைப் படியில் ஏறி ஜக்கம்மாவுக்கு முன்னால் நின்றார்.

"தாயி, மேடைக்கு வாங்க. நல்ல கோல்கீப்பருக்குப் பரிசு நீங்கதான் குடுக்கணும்னு கமிட்டியில சொல்லிட்டாக."

"வாரேன் அண்ணாச்சி. இது முடியட்டும். கொஞ்சம் மறைக்காம நில்லுங்க."

அவர் இந்தப் பக்கம் நகர்ந்தார், அந்தப் பக்கம் நகர்ந்தார். கடைசியில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்துப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். உதைக்கிறவன் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தான்.

"வலப்பக்கம் அடிப்பானோ?" என்றார்.

"கோலி இடப்பக்கந்தான் விழுவான். நாலு மேட்சாப் பாக்குறேன். அங்கனயே பாருங்க."

கோலி இடப்பக்கம் விழுந்தான். பந்து அவன் கையில் பட்டுக் கோல் கம்பத்துக்கு வெளியே போனது. கிழக்கு கேலரி முழுக்க எழுந்து நின்றது, செயலாளரும் சேர்த்து.