ஒரு வாரம், ஒரு வீடு

பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் அந்த அம்மாளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர், சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் பயன்படுகிறது. மற்றபடி எல்லோருக்கும் அவள் சைரன். இரண்டாம் மாடியில் நின்று "தண்ணி வந்துடுச்சா?" என்று கேட்டால் பக்கத்துக் கட்டிடத்துக்காரர்கள் பதில் சொல்வார்கள். குரலாவது போகட்டும். வாய் இருக்கிறதே, அது சுத்த ஓட்டை வாய். காதில் விழுந்த எதுவும் அரை மணி நேரம்கூட உள்ளே தங்காது. ஆனால் மனசு தங்கம். அதையும் அவளே எல்லோரிடமும் சொல்லுவாள்.

அந்த வருடம் தொழிற்சாலை வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடியது. கட்டிடத்தில் பன்னிரண்டு வீடுகள், எல்லாம் அந்தத் தொழிற்சாலைச் சம்பளத்தை நம்பியவை. பன்னிரண்டிலும் கையைக் கடித்தது. அந்த நேரம் பார்த்து, லேபிள் ஒட்டும் பெண் ஒரு நாள் காலை வீங்கிய கண்ணும் இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தையுமாக வேலைக்கு வந்து நின்றாள். கணவன் அடிப்பது புதிதல்ல. "இனிமே அங்க போக மாட்டேன்," என்று மட்டும் சொன்னாள். அதைக்கூட வாய்க்குள்ளேயே சொன்னாள்.

கட்டிடத்துப் பெண்கள் கூடிப் பேசினார்கள். தொழிற்சாலைக்குப் போனால் அவன் வந்து நிற்பான், அதனால் கொஞ்ச நாள் அவள் வேலைக்கும் போக முடியாது. இன்னும் இரண்டு வயிற்றை மாதக்கணக்கில் தாங்க எந்த வீட்டுக்கும் தெம்பில்லை. ஒரு வாரம் என்றால் எல்லோராலும் முடியும். அதனால் வாரத்துக்கு ஒரு வீடு என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பாயும் ஒரு துணிப்பையும் அடுத்த வீட்டுக்குப் போகும். அவன் தேடி வந்தாலும் எந்தக் கதவு என்று தெரியாது. கூடவே இன்னொன்றும் முடிவானது. எந்த வீடு என்பதைச் சைரனிடம் மூச்சுவிடக் கூடாது. அவள் வீட்டுக்கு முறையும் கிடையாது.

சைரன் துடித்துப் போனாள். "நான் என்ன ஊரெல்லாம் தண்டோராவா போடுறேன்?" என்று அவள் கேட்டது எல்லா மாடிக்கும் கேட்டது.

"ஆமா," என்றார் உள்ளேயிருந்து அவள் வீட்டுக்காரர்.

அன்றிலிருந்து வைராக்கியமாக இருந்தாள். படிக்கட்டில் குழந்தையைக் கண்டால் கையில் ஒரு பிஸ்கட்டைத் திணித்துவிட்டு, எங்கிருந்து வந்தாய் என்றுகூடக் கேட்காமல் நகர்ந்துவிடுவாள். அவளுக்கு அது எவ்வளவு பெரிய தவம் என்று யாருக்கும் புரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வெளியே வந்தபோது தொழிற்சாலை கேட்டருகே அந்தக் கணவன் நின்றிருந்தான். மனைவி எங்கே என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிழிகிழியென்று கிழித்திருப்பாள்.

"பாப்பாவுக்குச் சளி இருந்துச்சுக்கா. சரியாயிடுச்சான்னு மட்டும் சொல்லுங்க, போதும்," என்று கண்ணைத் துடைத்தான்.

சைரனுக்கு மனசு இளகிவிட்டது. "அதெல்லாம் சரியாயிடுச்சுப்பா. நேத்துகூட எங்க மாடிப்படியில ஏறி எறங்கி..." என்று சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் அவன் கண்ணீர் நின்றிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு விஷயத்தை இரண்டு நாள் உள்ளே வைத்திருந்தாள். பாவி, வைத்திருக்கக் கூடாத விஷயத்தைப் போய்! 'அதான் அப்பவே சொன்னோமே' என்பார்களே என்ற வெட்கம்.

ஞாயிறு மதியம் கீழ்வீட்டுக் கதவு படபடவென்று தட்டப்பட்டது. "என் பொண்டாட்டி எந்த வீட்டுல இருக்கா? மரியாதையா சொல்லிடுங்க!"

எந்த வீடு என்று சைரனுக்கும்தான் தெரியாது. படிக்கட்டுக்கு ஓடினாள்.

"இங்க இருக்கா! என் வீட்டுல! முடிஞ்சா மேல வா!"

அவன் தாவித் தாவி ஏறினான். எதிர்வீட்டுக்காரி கதவைத் திறந்தாள். "அங்க இல்ல. எங்க வீட்டுல இருக்கா."

"யாரு சொன்னா? எங்க வீட்டுல!" என்றது மேல்மாடி. ஒவ்வொரு கதவாகத் திறந்தது. கரண்டியோடு ஒருத்தி, பாதிச் சவரத்தோடு ஒருவர், கைத்தடியோடு ஒரு பெரியவர். வாசலை மறித்தபடி எல்லோரும் அதையே சொன்னார்கள். அவன் நடுப்படியில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"பாதிச் சம்பளத்துல எத்தன நாளைக்குடா சோறு போடுவீங்க?" என்று சீறினான்.

"பாதிச் சோறு போடுவோம். உனக்கென்ன வந்துச்சு?" என்றார் சைரனின் வீட்டுக்காரர்.

அவன் ஏதோ திட்டிக்கொண்டே இறங்கிப் போனான். மறுநாள் எல்லோருமாகப் போய்ப் போலீசில் புகார் கொடுப்பதென்று முடிவானது. சைரனும் வர வேண்டும் என்றார்கள், அங்கே குரல் தேவைப்படுமாம். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் லேபிள் பெண் குழந்தையோடு அவள் வாசலில் வந்து நின்றாள். சைரன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள்.

"நான்தாம்மா சொல்லித் தொலைச்சேன். வெள்ளிக்கிழமை கேட் பக்கத்துல நின்னு அழுதான். நம்பிட்டேன்."

அந்தப் பெண் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. குழந்தையை இறக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவரு அழுதா யாரா இருந்தாலும் நம்பிடுவாங்கக்கா," என்றாள். "நான் ஏழு தடவ நம்பியிருக்கேன்."