உயிரோடு இருப்பவருக்குப் போட்ட மாலை

ஜப்பானில் ஒருவர் காலமெல்லாம் பந்து விளையாடிவிட்டு, ஓய்வுபெற்று, வீட்டுக்குப் பின்னால் வெள்ளரி போடுகிறார். அதைப் படம்பிடித்துப் போட்டால் லட்சக்கணக்கான பேர் பார்க்கிறார்கள். வேலைவெட்டி இல்லாத உலகம் என்று திட்டிக்கொண்டே நானும் ஒருநாள் பார்த்தேன். செத்துப்போன என் அண்ணன் அங்கே குனிந்து கொடி கட்டிக்கொண்டிருந்தான். நிறம் கொஞ்சம் வெளுப்பு, கண் கொஞ்சம் சின்னது. மற்றபடி அதே தாடை, அதே சிரிப்பு.

அண்ணன் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டினான். கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஜீப் உருண்டது. ஆஸ்பத்திரியில் துணி சுற்றிக் கொடுத்ததை அவிழ்க்கவே வேண்டாம் என்றார்கள். சுருளிப்பட்டிக்குக் கொண்டுவந்து அப்படியே எரித்தோம். அண்ணன் மனைவி, என் மதினி, கடைசியாக முகம் பார்க்கவில்லை.

அப்படிப்பட்டவரிடம் போய் அந்த வீடியோவைக் காட்டினேன். எனக்குப் புத்தி இல்லை, வேறென்ன சொல்ல. அதன்பிறகு திராட்சைத் தோட்டத்து வேலைக்கு நடுவிலும் மதினி போனை எடுத்துப் பார்த்தார். மறுபடி பொட்டு வைக்க ஆரம்பித்தார். “அவுகளுக்குச் சளி தம்பி, நேத்துப் பூராம் இருமுனாக” என்பார். வீட்டில் யாரும் மறுத்துப் பேசவில்லை. பேசப் பயமாக இருந்தது.

நாலாம் வருஷ நினைவுநாளுக்குத் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைக்க ஏற்பாடு செய்தேன். கம்பம் டவுன் கடைக்காரர் தெளிவான படம் கேட்டார். லைசென்ஸில் இருந்தது மங்கல். என் போனில் தேடினேன். நல்ல வெயிலில் அண்ணன் சிரிக்கிற படம் ஒன்று கிடைத்தது, அனுப்பிவிட்டேன். ‘கண்ணீர் அஞ்சலி’ என்று பெரிய எழுத்தில் ஃப்ளெக்ஸ் வந்தது. பங்காளிகள் மாலை போட்டார்கள், சூடம் காட்டினார்கள். மதினி தள்ளி நின்று பார்த்தார். சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது. அண்ணனுக்குப் புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. ஃப்ளெக்ஸில் இல்லை. வீடியோவிலிருந்து என்றோ நான் பிடித்துவைத்த ஜப்பான்காரர் படம் அது.

எங்கள் பக்கம் உயிரோடு இருப்பவர் படத்தில் ஒரு முழம் பூ தொங்கினாலே பதறி எடுத்துவிடுவார்கள். நாங்கள் ஊரைக் கூட்டி ஒரு மனுஷனைச் செத்தவனாக்கியிருந்தோம். யாரிடமும் சொல்லாமல் ஃப்ளெக்ஸை இறக்கிச் சுருட்டினேன்.

மறுநாள் ஜப்பான்காரர் வீடியோ போடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நாள் தவறாமல் போடுகிற மனுஷன். எங்கே போனார் என்று ஏதேதோ மொழிகளில் உலகமே கேட்டுக்கொண்டிருந்தது. பதில் எனக்குத் தெரியும் என்று தோன்றியது. சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மதினியின் நெற்றியில் பொட்டைக் காணோம்.

ஒன்பதாம் நாள் வந்துவிட்டார். கொஞ்சம் மெலிந்திருந்தார், காய்ச்சலாக இருந்திருக்கும். வெள்ளரிக்குத் தண்ணீர் விட்டார். எனக்குப் போன உயிர் திரும்பியது. ஓடிப்போய் மதினியிடம் போனை நீட்டினேன்.

வெகுநேரம் பார்த்தார். “இது யாரோ தம்பி” என்றார். “அவுக போயிட்டாக. நீங்க மாலை போட்டப்பத்தான் மொகத்தக் கண்டேன்.”

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, இழவு வீட்டில் அழுவதுபோல் மாரில் அடித்துக்கொண்டு அழுதார். நான் போனைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். எனக்கு அது இன்னும் அண்ணனாகத்தான் தெரிந்தது.