எரேமியாவின் நிலமும் என் அம்மியும்

உபதேசியார் வேலையில் பிரசங்கம் செய்வது எளிது. விடிகாலையில் பால் மரம் வெட்டி, ரப்பர்ப் பால் எடுத்துக் களைத்து வந்தவர்களைத் தூங்கவிடாமல் உட்காரவைப்பதுதான் பாடு. தோட்டந்தோட்டமாகப் போதித்து அலைந்த சகோதரரே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். வேதாகமத்தில் தீர்க்கதரிசிகள் செய்து காட்டியதை நானும் செய்து காட்டினேன். அப்போது என் மனைவி எஸ்தர் நாகப்பட்டணத்தில் இருந்தாள். கடலென்றால் பயம், கப்பலேற மாட்டேன் என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள்.

உடைந்த கலயம்

எரேமியா ஒரு கலயத்தை உடைத்து, உங்கள் ஊரும் இப்படி நொறுங்கும் என்றார். நானும் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வாசலில் ஒரு புதுப் பானையைப் போட்டு உடைத்தேன். விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் பெண்கள் ஒப்பாரி வைத்துவிட்டார்கள். நம்மவர்கள் பானை உடைப்பது சுடுகாட்டில்தான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஊரிலிருந்து சாவுச் சேதி வந்திருக்கிறது என்று நினைத்து, ஒவ்வொருத்தியும் அக்கரையில் விட்டுவந்த ஆளின் பெயரைச் சொல்லி அழுதாள். என் பக்கத்து வீட்டு மாரியாயி மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்: “அழுவுறது அழுவுறோம் ஐயா, யாருன்னு மட்டும் சொல்லிருங்க.”

மூட்டை

எசேக்கியேல், சிறைப்பட்டுப் போகிறவனைப்போல மூட்டை தூக்கி நடந்து காட்டினார். பாவனைக்கு இரண்டு வேட்டி போதும். நானோ எஸ்தருக்கு வாங்கி வைத்திருந்த சேலைவரை எல்லாவற்றையும் கட்டியிருந்தேன். எனக்கும் போகத்தான் ஆசை.

லயத்தைப் பாதி சுற்றுவதற்குள், உபதேசியார் கப்பலேறுகிறார் என்று ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள். இது நடிப்பு என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? பால் மரம் வெட்டும் சவரிமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. “நான் உசுரோட இருக்கேன்னு என் தங்கச்சிக்கிட்ட சொல்லிருங்க ஐயா. வேற ஒன்னும் வேணாம்.”

அம்மி

பகைவர் ஊரை வளைத்து நின்ற நேரத்தில் எரேமியா அங்கே ஒரு நிலம் வாங்கினார், ஜனங்கள் மறுபடி வந்து குடியிருப்பார்கள் என்பதற்கு அடையாளமாக. இனிமேல் என்னைக் கூப்பிடாதீர்கள் என்று எஸ்தர் எழுதிய அதே வாரம், ஈப்போவில் ஓர் அம்மியும் குழவியும் வாங்கி, மாட்டுவண்டியில் கொண்டுவந்து என் அடுப்படியில் இறக்கினேன். “அவள் வருவாள்” என்று சபையாருக்குச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் மாரியாயி ஒரு கை மிளகாயோடு வந்து நின்றாள். “சும்மா கெடந்தா கல்லு காஞ்சு போயிரும் ஐயா. அக்கா வார வரைக்கும் நான் அரைச்சுக்கிட்டு இருக்கேன்.”

சிறைப்பட்டுப் போன ஜனங்கள் ஊர் திரும்ப எழுபது வருஷமாகும் என்று எரேமியா சொல்லியிருப்பதால் எஸ்தருக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது, அதுவரை என் அம்மியில் மாரியாயி வீட்டு மிளகாய்தான் மணக்கும்.