கண் சிமிட்டாத ஆயா

இதைக் கட்டுக்கதை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் நடந்தது. எனக்கு நடந்தது. வீடு மாறியதே அதனால்தான்.

எங்கள் ஊரில் பாதிப் பேர் பூனையினத்தார். காது, வால், மீசை தவிர நமக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அவர்களுக்கு வணக்கம் என்பது கண்ணில்தான். நம்புகிற ஆளைக் கண்டால் கண்களை மெல்ல மூடி மெல்லத் திறப்பார்கள். நீ கிட்ட வரலாம் என்று அர்த்தம். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது என் வேலை. நாளெல்லாம் அந்த வணக்கத்தை வாங்கித் திருப்பிக் கொடுப்பேன்.

மனைவி இறந்தபோது மகளுக்கு ஐந்து மாதம். பார்த்துக்கொள்ள ஒரு பூனையினத்து ஆயாவை வைத்தேன். கைக்குழந்தை என்பதால் நகங்களை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தார்.

முதல் வாரமே உறுத்தியது. வாசலில் அழகாகக் கண்மூடி வணங்குவார். உள்ளே காலெடுத்து வைத்த பிறகு ஒரு முறைகூட இல்லை. சாயங்காலம் நான் திரும்பும்போது கண்கள் ரத்தமாகச் சிவந்து நீர் வழியும். குடிக்கிறாரோ? ஏதாவது தொற்றோ? கேட்டால், தூசி என்பார். தினமும் பெருக்கித் துடைக்கிற வீடு.

மனைவியின் அக்காவிடம் சொன்னேன். "முதல்ல பால் டப்பாவைப் பாருங்க தம்பி" என்று கிண்டலடித்தார். பிறகு குரல் மாறி, குழந்தையை அந்த ஆயாவிடம் தனியாக விட வேண்டாம் என்றார்.

ஒரு நாள் சொல்லாமல் சீக்கிரம் வந்தேன். மாலை 3.40. ஜன்னல் வழியே பார்த்தேன்.

தொட்டிலுக்கு முன்னால் தரையில் ஆயா. காதுகள் பின்னால் படிந்திருந்தன. வால் சிலிர்த்துப் பருத்திருந்தது. பார்வை முழுக்க மூலையில் இருந்த காலி நாற்காலி மேல். என் மனைவி உட்கார்ந்து பால் கொடுத்த நாற்காலி.

ஆயா சிமிட்டவே இல்லை.

உள்ளே போனேன்.

"யாரு அங்கே?"

அவர் திரும்பவில்லை. "தெரியலைங்க. கண்ணை எடுத்தா எழுந்துக்குது."

என் மனைவி. அவள்தான். பிள்ளையைப் பார்க்க வந்திருக்கிறாள். வேறு யார்?

ஆயாவைப் போகச் சொன்னேன். இனி வர வேண்டாம் என்றேன். வாசல் வரை பின்னோக்கியே நடந்தார்.

"உங்க வீட்டம்மான்னா நான் கண்ணை மூடியிருப்பேனே சார்..."

கதவைச் சாத்தினேன்.

நாற்காலிக்கு எதிரில் நின்றேன். கடையில் செய்வதைச் செய்தேன்.

கண்களை மெல்ல மூடினேன்.

க்ரீச்...

திறந்தேன்.

நாற்காலி தொட்டிலை ஒட்டி இருந்தது.

மகளைத் தூக்கினேன். பின்னோக்கி நடந்தேன். கண் எரிந்தது...

சிமிட்டவில்லை.

இப்போது மனைவியின் அக்கா வீட்டில் இருக்கிறோம். நடந்ததைச் சொன்னதும் அவர் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். என் மனைவி கடைசி வாரம் தூங்கவே இல்லை. பிள்ளை பெற்ற களைப்பு என்றார் டாக்டர். அக்காவிடம் மட்டும் போனில் ஒன்று சொல்லியிருக்கிறாள்.

"கண்ணை மூடினா கிட்ட வருதுக்கா."

நேற்று மகளோடு கடைத்தெருவுக்குப் போனபோது ஆயா எதிரே வந்தார். நல்ல வெயில். மன்னிப்புக் கேட்கிற மாதிரி மெல்லக் கண்மூடித் திறந்தேன்.

அவர் திருப்பி மூடவில்லை.

என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.