காலரில் தைத்த அடையாளம்

"சாட்சிக்காரி வரா, தள்ளி உக்காருங்கடி." சபையில், ஞாயிறு ஆராதனையின்போது என் நாத்தனார் இப்படிச் சொன்னபோதுதான் அந்தப் பெயரை முதலில் கேட்டேன். எனக்குக் கல்யாணமான புதிது. "அவ சாட்சி ரயில் மாதிரி. ஏறிட்டா நடுவுல இறங்க முடியாது" என்று என் காதில் சொல்லிச் சிரித்தாள். வந்தவள் என் வீட்டுக்காரரின் சித்தி மருமகள், எனக்கு ஓரகத்தி முறை என்பது பிறகுதான் தெரிந்தது.

அவளுக்குச் சலவைக்கடையில் அடையாளம் போடும் வேலை. எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று தெரிய, காலரின் உள்பக்கம் ஒரு தையல். ஒரு வீட்டுக்குச் சிவப்பில் புள்ளி, அடுத்த வீட்டுக்குப் பச்சையில் கோடு. புருஷன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லை. தங்கையும் தங்கை பிள்ளைகள் இரண்டும்தான் அவளுக்கு எல்லாம்.

அவள் கழுத்தில் எலுமிச்சை அளவு கட்டி இருந்ததாம். அறுக்க நாள் குறித்தார்கள். சபையே உபவாசமிருந்து ஜெபித்தது. அறுக்க வேண்டிய காலையில் தடவிப் பார்த்த டாக்டர், "எங்கம்மா கட்டி?" என்று அவளையே கேட்டார். அன்றுமுதல் மாதந்தோறும் சபையில் எழுந்து நின்று, கர்த்தர் தனக்குச் செய்தது என்று அதைச் சாட்சியாகச் சொன்னாள்.

வருஷங்கள் கழித்துத் தங்கைக்கு மார்பில் கட்டி வந்தது. யாருக்கும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தாள். துணி மாற்றும்போது அக்காள் பார்த்துவிட்டாள்.

"கிளம்புடி, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"எதுக்குக்கா? உனக்குச் செஞ்சவரு எனக்குச் செய்யமாட்டாரா?"

"செய்வாரு, செய்யாமலும் இருப்பாரு. நீ கிளம்பு."

"அப்ப மாசாமாசம் நீ சொன்னதெல்லாம் பொய்யா?"

தங்கை கணவரும், "நம்பிக்கிட்டு இருக்கிறவள ஏன் கலைக்கிறீங்க?" என்று தடுத்தார். ஓரகத்தி என் அடுப்படியில் வந்து உட்கார்ந்து அழுதாள். "என் வாயே அவளக் கட்டிப்போட்டுடுச்சே."

அடுத்த சாட்சி வேளையில் எழுந்தாள். பழைய கதைதான் என்று பாதிப்பேர் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

"என் கட்டி போனது நெசம். அதுல மாத்தமில்ல. ஆனா அற்புதத்த வேதத்துல அடையாளம்னும் சொல்லியிருக்கு. நான் தெனமும் அடையாளம் போடுறவ. காலர்ல நூல் போடுறது துணி கிழியாம இருக்கவா? இது யாரோடதுன்னு தெரியத்தான். நூல் போட்ட சட்டையும் கிழியும். எனக்கு அவரு செஞ்சது, அவரு யாருன்னு நீங்க பாக்கறதுக்கு. மருந்த விட்டுட்டு உக்காந்திருங்கன்னு சொல்றதுக்கு இல்ல. அதோ என் தங்கச்சி. மாருல கட்டி. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். ஜெபம் பண்ணுங்க."

தங்கை முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனாள். "சாட்சி சொல்லச் சொன்னா சாவுச் சேதி சொல்றா" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. போதகர் அவசரமாகப் பாட்டை எடுத்துக்கொடுத்தார்.

"ஊர் நடுவுல என் மானத்த வாங்கிட்டியே, பாவி" என்று திட்டிக்கொண்டேதான் தங்கை மறுநாள் வந்தாள். நோய் எலும்புவரை போயிருந்தது. முன்னாலேயே வந்திருக்கலாமே என்றார் டாக்டர். அந்த வார்த்தை அக்காளின் தலையில் கல்லாக விழுந்தது.

வார்டில் நானும் துணைக்கு இருந்தேன். அக்காள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தபடியே இருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மத்தியானம் தங்கை கேட்டாள்: "எனக்கு மட்டும் ஏன்க்கா அவரு அடையாளம் போடல?"

"தெரியலடி. நூல் இல்லாத துணிக்கும் சொந்தக்காரன் உண்டு. அது மட்டும் தெரியும்."

தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்தப் பதில் அவளுக்குப் போதுமானதாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அந்த வாரமே போய்விட்டாள்.

"உன் சாட்சியாலதான் என் வீடு அழிஞ்சுது" என்று தங்கை கணவர் கல்லறைத் தோட்டத்திலேயே கத்தினார்.

இப்போது ஓரகத்தி அந்த வீட்டில்தான் இருக்கிறாள். தங்கை பிள்ளைகள் இரண்டையும் வளர்க்கிறாள். தங்கை கணவர் அவள் சமைத்ததைச் சாப்பிடுகிறார், முகம் பார்த்துப் பேசுவதில்லை.