லைசென்ஸ்காரர் தூக்கித் தந்த ரிவி

பிள்ளையள், போன ஞாயிறு சாப்பாட்டு மேசையில் என்னை மடக்கிப்போட்டோம் என்று நினைத்துக்கொண்டுதான் நீங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குப் போயிருப்பீர்கள். நான் மடங்கவில்லை. வாயில் நண்டு இருந்தது. நண்டுக்காலைக் கடித்துக்கொண்டு ஒரு மனிசன் நாட்டு நடப்புக் கதைக்க ஏலாது. அதுதான் இப்போது கையைக் கழுவிப்போட்டு இருந்து எழுதுகிறேன்.

மகள் கேட்டது இது: "அப்பா, எங்களில ஒருத்தரும் அந்த நோர்வே அரசாங்கச் சனலைப் பாக்கிறேல்ல. பேந்தேன் எங்கட வரிக்காசு அதுக்குப் போகவேணும்?" மகன் அதுக்கு மேலே ஏறி நின்றான்: "ரயிலுக்கு முன்னால ஒரு கமெராவைக் கட்டிப்போட்டு நாள் முழுக்கக் காட்டுறாங்கள் அப்பா. ரயில் போகுது. அவ்வளவுதான். ரயில் போகுது!"

உங்கள் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு குழம்பில் இன்னுமொரு கரண்டி ஊற்றினா. ஏன் சிரித்தா என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் சொன்னதெல்லாம் ஒருகாலத்தில் நான் சொன்னது. அப்போது ரயில் இல்லை, பனிச்சறுக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது அந்தக் காசு வரியோடு வரியாகப் போகிறது, ஆருக்கும் வலி தெரியாது. முந்தி அப்படியில்லை. வீட்டில் ரிவி இருந்தால் அதற்கென்று தனியாக லைசென்ஸ் கட்டவேண்டும். கார் ஓடுகிறவனுக்கு லைசென்ஸ் வேண்டும், அது நியாயம், ஆளை இடித்துப்போடுவான். மூலையில் இருக்கிற ரிவி ஆரை இடிக்கும்? நான் வேலை செய்த பாண் பேக்கரியில் இடைவேளைக்கு இடைவேளை நான் இதைத்தான் கேட்டுக்கொண்டு திரிந்தேன். ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. பதில் இல்லை என்று நினைத்தேன். என்னோடு கதைக்க அலுத்துப்போனார்கள் என்பது பிறகுதான் விளங்கியது.

நாங்கள் அப்போது ஹொல்ம்லியாவில் நாலாம் மாடியில் இருந்தோம். பல்கனியில் சட்டிபோல ஒரு டிஷ். அதால் தமிழ்ச் சனல் வந்தது. அந்தச் சட்டியைத் திருப்பிவிட வருகிறவருக்கு, கோயிலில் ஐயருக்குத் தட்சணை வைக்கிறதுபோல, சந்தோசமாகக் காசு கொடுப்பேன், சாப்பாடும் கொடுப்பேன். அரசாங்கச் சனலுக்குக் கொடுக்கத்தான் கை வராது. அதில் என்ன இருந்தது? ஒருத்தன் பனியில் சறுக்கிக்கொண்டு போவான். அவனுக்குப் பின்னால் இன்னொருத்தன் போவான். இரண்டு பேருக்கும் நடுவில் மரம்.

ஒருநாள் முடிவெடுத்தேன். மோர்டென்ஸ்ருட்டில் இருக்கிற உங்கள் மாமா, என்னோடு சின்னனில் பந்தடித்தவர், அவருடைய ரிவி பழுதாகிக் கிடந்தது. எங்கள் ரிவியை அப்படியே அவருக்குத் தூக்கிக் கொடுத்தேன். வீட்டில் ரிவி இல்லை என்று முறைப்படி எழுதியும் போட்டேன். தமிழ் நாடகம் பார்க்கவேண்டுமென்றால் அவர் வீட்டுக்குப் போகலாம். கொள்கை என்றால் கொள்கை.

அம்மாவிடம் கேட்கவில்லை. அங்கேதான் வந்தது வினை.

அம்மா அப்போது ஒரு முதியோர் இல்லத்தில் தற்காலிகமாக வேலை செய்துகொண்டிருந்தா. நோர்வேஜிய மொழியில் பேச்சுப் பரீட்சை பாஸ் பண்ணினால் நிரந்தரமாக எடுப்போம் என்று இல்லத்துப் பெரியவ சொல்லியிருந்தா. பாஸ் பண்ணாவிட்டால் அந்தக் கோடையோடு வேலை முடிந்தது.

"இஞ்சாருங்கோ, பரீட்சை வருகுது. ரிவியைக் குடுத்துப்போட்டு நிக்கிறியள்" என்றா.

"வகுப்புக்குப் போறீர்தானே. ரீச்சரிட்டைப் படியுமன்."

"ரீச்சர் எனக்கு விளங்கவேணுமெண்டு கதைக்கிறா. கிழவி தனக்கு நோகுதெண்டு கதைக்குது. ரெண்டும் ஒண்டே?"

விசயம் இதுதான். அந்த இல்லத்தில் வட நோர்வேயிலிருந்து வந்த ஒரு வயசான மனிசி படுக்கையில் இருந்தா. அவ கதைக்கிற பேச்சு வகுப்புப் புத்தகத்தில் இல்லை. 'நான்' என்பதற்கு எங்களுக்குப் படிப்பித்தது 'யாய்'. அவவின் வாயில் அது ஆவுக்கும் ஏயுக்கும் நடுவில் ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். அம்மாவுக்கு விளங்கவில்லை. திருப்பிக் கேட்டா, பேந்தும் விளங்கவில்லை. அந்த மனிசி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுவிட்டா. அம்மா அன்றைக்கு வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்தது எனக்கு ஞாபகம்.

அதுக்குப் பிறகு அம்மா ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தா. நான் மரம் மட்டும் பார்த்த அதே சனலில், காலநிலை சொல்ல வருகிறவர்கள் ஆளுக்கொரு ஊர்ப்பேச்சில் சொல்வார்கள். வடக்கத்தியார் வடக்குப் பேச்சு, மேற்கத்தியார் மேற்குப் பேச்சு. ஒருத்தரும் வெட்கப்படுவதில்லை, ஒருத்தரும் சிரிப்பதுமில்லை. சொல்வதெல்லாம் கீழே எழுத்தாக ஓடும். அம்மா எழுத்தை வாசித்துக்கொண்டு காதைத் தீட்டினா. அந்தக் காதைத்தான் நான் மோர்டென்ஸ்ருட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

அம்மா சண்டை பிடிக்கவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் உங்களை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, பஸ் ஏறி, மாமா வீட்டுக்குப் போகத் தொடங்கினா. கையை வீசிக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போகக் கூடாதுதானே, பற்றீஸ் பொரித்துக் கொண்டு போவா. வந்தவர்களைச் சும்மா அனுப்பக் கூடாதுதானே, மாமி புட்டவிப்பா. ரிமோட்டை வந்தவர்களிடம் கொடுப்பதுதானே மரியாதை, மாமா கொடுப்பார். அதை வேண்டாம் என்று சொல்வதுதானே வந்தவர்களின் மரியாதை? அதை மட்டும் அம்மா சொல்லவில்லை.

ஒருநாள் பேக்கரிக்கு மாமா போன் எடுத்தார்.

"மச்சான், தங்கச்சியை வரவேண்டாமெண்டு நான் சொல்லேல்ல. அவ என்ர சகோதரம். வரட்டும், இருக்கட்டும். ஆனா நான் நாடகம் பாத்துக் கனநாளடாப்பா. அந்த மருமோள் நஞ்சைக் குடிச்சவளோ இல்லையோ எண்டுகூட எனக்குத் தெரியாது. நோர்வேயில எந்த மலையில எவ்வளவு பனி எண்டு கேள், சொல்லுறன்."

"அப்ப அவவிட்டைச் சொல்லன்."

"வீட்டுக்கு வந்த ஆளைப் போ எண்டு சொல்லுறதோ? நீயெல்லாம் என்ன மனிசன்! சனிக்கிழமை ரிவியைக் கொண்டு வாறன். என்ர அன்பளிப்பு."

"நான்தானேயடா உனக்குத் தந்தது?"

"இப்ப நான் உனக்குத் தாறன்."

அந்தக் காலத்து ரிவி இப்போதுபோலச் சுவரில் மாட்டுகிற தட்டு இல்லை. முதுகு பெருத்த பெட்டி. தூக்கினால் நாரியும் இடுப்பும் போகும். அன்றைக்குப் பார்த்து எங்கள் கட்டடத்து லிஃப்ட் வேலை செய்யவில்லை. நானும் மாமாவும் முதலாம் மாடிப் படியில் அதை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். பின்னால் ஒரு நெட்டை நோர்வேக்காரர் ஏறி வந்தார், தோளில் பை. எங்களைப் பார்த்தார். பையை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு, கேளாமல் கொள்ளாமல் ஒரு மூலையைப் பிடித்தார்.

மாமா தமிழில் சொன்னார்: "பாத்தியே மச்சான்? வெள்ளையள் உதவி செய்யாதுகள் எண்டு சொல்லுவாய்."

நாலாம் மாடிவரை அவர்தான் முன்னால் போனார். எங்கள் கதவுக்கு முன்னால் வந்ததும் கதவில் இருந்த பெயரை வாசித்தார். ரிவியை வயிற்றில் தாங்கிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசித் துண்டை எடுத்து, அதையும் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்து, தான் லைசென்ஸ் பார்க்க வந்த ஆள் என்றார். ரிவி இல்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், வீட்டில் ரிவி இருக்கிறதா?

"இப்ப வருகுது. நீங்கள்தான் கொண்டு வாறீங்கள்" என்றேன்.

"மச்சான், காரை வில்லங்கமான இடத்தில விட்டிட்டு வந்தனான்" என்று மாமா சொன்ன சத்தம் மட்டும்தான் கேட்டது. ஆள் கீழே போய்விட்டார். நானும் லைசென்ஸ்காரரும் மிச்சத் தூரத்துக்கு ரிவியைத் தூக்கினோம்.

அந்த மனிசன் வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். பிழை அங்கேதான் நடந்தது. சப்பாத்தைக் கழற்றினவர் அம்மாவின் கணக்கில் விருந்தாளி. சோபாவில் இருத்தினா, வடை சுடக் குசினிக்குள் போனா. போகிற வழியில் ரிவியின் வயரைக் கொழுவி, போட்டும் விட்டா. நான் தமிழில் பல்லைக் கடித்தேன்.

"என்னப்பா செய்யிறீர்? அவர் ரிவி இருக்கோ எண்டு பாக்க வந்தவர்!"

"அதுக்காக, வந்த மனிசனைச் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கச் சொல்லுறியளோ?"

ரிவியில் காலநிலை போய்க்கொண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வடையோடு வந்தபோது அவர் ஏதோ சொன்னார், எனக்குப் பாதிதான் பிடிபட்டது. அம்மா தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டா: "நீங்கள் வடக்கோ?"

அவருக்கு ஆச்சரியம். எப்படித் தெரியும் என்றார். உந்தக் காலநிலைப் பிள்ளைபோலக் கதைக்கிறீர்கள் என்று அம்மா ரிவியைக் காட்டினா. அதோடு சரி. அம்மா அவருக்கு எதிர்க் கதிரையில் இருந்துகொண்டு, அந்தப் படுக்கையில் இருக்கிற மனிசி சொன்ன சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தா. அவர் ஒவ்வொன்றுக்கும் பொருள் சொன்னார். ஒன்றுக்கு, "இதை என்ர அம்மாதான் சொல்லுவா" என்று சிரித்தார். என் வீட்டில், என் ரிவிக்கு முன்னால், நான் தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கிற பெடியன் ஆகிவிட்டேன். கடைசியில்தான் அவருக்குத் தன் வேலை ஞாபகம் வந்தது. ரிவி எப்போதிருந்து இருக்கிறது என்றார். "உங்களுக்குத் தெரியும்தானே" என்றேன். அதற்கும் சிரித்தார். ரிவி அன்றைக்குத்தான் வந்தது என்று அவர் திகதியைப் போட, நான் கையெழுத்து வைத்தேன்.

இப்போது மகள் கேட்டதற்கு வருகிறேன். அந்தக் காசுக்குப் பெறுமதியோ? நான் அதிகம் படித்தவனில்லை. பனிச்சறுக்கில் இன்னும் எனக்கு மரம்தான் தெரிகிறது. ரயிலும் சும்மாதான் போகிறது, மகன், அதில் நீ சொன்னது சரி. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கோ. சட்டி வைத்து, தட்சணை வைத்து நான் பார்த்த தமிழ்ச் சனலில் எங்கள் ஊர்ப்பேச்சை எப்போது கேட்டேன்? பகிடிக்கு ஒருத்தர் வந்து 'ஆமா'வுக்கு 'ஓம்' என்றால் கேட்டேன். அங்கே ஆர் காசு போடுகிறானோ அவன் பேச்சு. இஞ்சை எல்லாரும் காசு போட்டபடியால் ஒரு மூலையில் கிடக்கிற மனிசியின் பேச்சும் மேடைக்கு வந்தது. விளம்பரம் போட்டு விற்கிறவனுக்கு அவ என்னத்துக்கு? அவ ஒன்றும் வாங்கப்போவதில்லை. நாங்கள் பார்க்காததுக்கும் சேர்த்துத்தான் அந்தக் காசு. பாக்கிறவனே கட்டட்டும் என்றால், உங்கள் அம்மா இன்னும் கோட்டோடு கதிரையில் இருந்திருப்பா.

அம்மா பாஸ் பண்ணினா. சோதிக்க வந்தவர்களில் ஒருவர் மேற்குக்காரராம், அம்மாவுக்கு அந்தப் பேச்சு தண்ணிபட்ட பாடு. நிரந்தர வேலை கிடைத்தது. அந்த வடக்கத்தி மனிசி முகத்தை இந்தப்பக்கம் திருப்பினா மட்டுமில்லை, வாய் மூடாமல் கதைத்து உங்கள் அம்மாவை மற்ற அறைகளுக்குப் போகவிடவில்லை.

நிரந்தரமான பிறகு அம்மா போன முதல் பின்னேர வேலை. கோடை வெயில் சோபாவில் விழுந்து கிடந்தது. நீங்கள் கீழே பந்தடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் தமிழ்ச் சனலைப் போடத்தான் ரிமோட்டை எடுத்தேன். காலநிலை போய்க்கொண்டிருந்தது, வடக்கத்திப் பிள்ளை. அம்மாவின் இல்லத்திலும் இப்போது இதுதான் போகும் என்று நினைத்தேன். மாற்றவில்லை. அந்தப் பிள்ளை 'நான்' என்று தன்னைச் சொன்ன இடத்தில், அந்த ஆவுக்கும் ஏயுக்கும் நடுவில் வருகிற சத்தத்தை, ஆருமில்லாத வீட்டில் நானும் ஒருக்கால் சொல்லிப் பார்த்தேன். ஆடு கத்தினதுபோல வந்தது. எழும்பிப் போய்ப் பல்கனிக் கதவைச் சாத்திவிட்டு வந்து, இன்னொருக்கால் சொன்னேன்.